பாலக்கோடு பக்கத்துல இருந்து பிஎஸ்சி பயோகெமிஸ்ட்ரி சேரலாமா, சேந்தா எப்பிடி படிக்கறது

தங்கச்சி கேட்டது இதுதான். பாலக்கோடு பக்கம் கிராமம், கவர்மெண்ட் ஸ்கூல், தமிழ் மீடியம், பன்னெண்டாவதுல பயாலஜி குரூப். நீட்ல மார்க் பத்தல. பிஎஸ்சி பயோகெமிஸ்ட்ரி சீட் கெடைக்கற மாதிரி இருக்கு, ஆனா அப்பா "இத படிச்சா என்ன வேலைன்னு மொதல்ல சொல்லு, அப்பறம் சேத்து விடறேன்"ங்கறாரு. தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க வேற "எல்லாமே சைக்கிள் சைக்கிளா மனப்பாடம்தான், மூணு வருஷம் தாங்க மாட்ட"ன்னு சொல்லிட்டாங்க. சேரலாமா?

நான் இதே பாடத்துல பிஎஸ்சி, எம்எஸ்சி முடிச்சு இப்ப கிளினிக்கல் லேப்ல இருக்கேன், அதனால தெரிஞ்சத முழுசா சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிம்மா. சேரலாம். ஆனா ரெண்டு விஷயம் தெரிஞ்சுகிட்டு சேரணும். ஒண்ணு, இது மூணு வருஷத்தோட நின்னுபோற டிகிரி கெடையாது, இதுக்கு மேல இன்னொரு படி வெச்சாதான் பலன் முழுசா கைக்கு வரும். ரெண்டாவது, மனப்பாடம் பண்ணி பாஸ் பண்ணவும் முடியும், புரிஞ்சு படிக்கவும் முடியும், மார்க் ஷீட்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனா டிகிரி முடிச்ச மறுநாள்ல இருந்து ரெண்டுக்கும் நடுவுல பெரிய பள்ளம்.

மொதல்ல இது என்ன படிப்புன்னு சொல்லிடறேன், ஏன்னா நெறைய பேர் கெமிஸ்ட்ரியும் ஜுவாலஜியும் பாதிப் பாதி கலந்ததுன்னு நெனச்சுதான் வராங்க. ஒடம்புக்குள்ள நடக்கறது எல்லாம் கடைசியில கெமிக்கல் ரியாக்ஷன், அந்த ரியாக்ஷன ஓட்டறது என்சைம், அந்த என்சைம செய்யச் சொல்லி எழுதி வெச்சிருக்கறது டிஎன்ஏ. இந்த மூணும் எப்பிடி ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்குங்கறதுதான் மொத்த சிலபஸும். மொத வருஷம் பயோமாலிக்யூல்ஸ், செல் பயாலஜி, கூட அலைடு கெமிஸ்ட்ரி. ரெண்டாவது வருஷம் என்சைம், மெட்டபாலிசம், ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் (கலரோட அடர்த்திய வெச்சு அளவு கண்டுபுடிக்கற கருவி), க்ரொமட்டோகிராஃபி (கலவைய பிரிக்கற முறை) மாதிரி டெக்னிக்ஸ். மூணாவது வருஷம் கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி, மாலிக்யூலர் பயாலஜி, இம்யூனாலஜி. காலேஜுக்கு காலேஜ் வரிசை கொஞ்சம் மாறும், நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டமும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்கு கீழ வர்றதால சிலபஸ் அவங்க சைட்ல இருக்கும், சேர்றதுக்கு முன்னாடியே எறக்கி ஒரு தடவ படிச்சுப் பாரு.

சரி, புரிஞ்சு படிக்கறதுன்னா என்னன்னு நம்ம ஊர் விஷயத்த வெச்சே சொல்றேன். தர்மபுரி, கிருஷ்ணகிரின்னாலே ஃபுளோரைடு தண்ணி. உங்க ஊர்லயே பல்லுல பழுப்புக் கறையோட பெரியவங்க இருப்பாங்க, முட்டி மடக்க முடியாம இருக்கறவங்களும் இருப்பாங்க. அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஜப்பான் கடனுதவியோட கொண்டுவந்தாங்க, 2013ல திறந்தாங்க. இப்ப கிளைக்காலிசிஸ்னு ஒரு பாடம் ரெண்டாவது வருஷம் வரும், குளுக்கோஸ் ஒடஞ்சு பைருவேட் ஆகற கதை, மொத்தம் 10 ஸ்டெப். அதுல ஒம்போதாவது ஸ்டெப்ப ஓட்டற என்சைம் பேரு எனோலேஸ், அதுக்கு மெக்னீசியம் வேணும். ஃபுளோரைடு வந்தா அந்த மெக்னீசியத்தோடயும் பாஸ்பேட்டோடயும் சேந்துகிட்டு எனோலேஸ அடைச்சுடும். புக்குல இது ஒரே வரி, "ஃபுளோரைடு எனோலேஸைத் தடுக்கிறது". ரெண்டு மார்க் கேள்வி. எல்லாரும் எழுதிட்டுப் போயிடுவாங்க.

ஆனா நீ லேப்ல சுகர் டெஸ்ட் குடுக்கப் போனா சாம்பல் கலர் மூடி போட்ட ட்யூப்ல ரத்தம் எடுப்பாங்க, கவனிச்சிருக்கியா? அந்த ட்யூப் உள்ள இருக்கறது சோடியம் ஃபுளோரைடு, கூட ரத்தம் உறையாம இருக்க பொட்டாசியம் ஆக்சலேட். ஏன்னா ரத்தத்த ஒடம்புக்கு வெளிய எடுத்தாலும் அதுல இருக்கற செல்லு சாகறதில்ல, குளுக்கோஸ சாப்பிட்டுகிட்டேதான் இருக்கும், சும்மா வெச்சா ஒரு மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட 5ல இருந்து 7 சதவீதம் குறையும். காலைல பென்னாகரத்துல எடுத்த ரத்தம் மதியம் தர்மபுரி லேப்புக்கு வந்து சேர்றதுக்குள்ள சுகர் இருக்கறவருக்கு இல்லன்னு ரிப்போர்ட் போயிடும். அத நிறுத்தத்தான் எனோலேஸ அடைக்கறாங்க. இன்னும் ஒரு படி உள்ள போ: எனோலேஸ் ஒம்போதாவது ஸ்டெப், குளுக்கோஸ உள்ள இழுக்கறது மொத ஸ்டெப், அப்ப கீழ அடைச்சா மேல ஒடனே நிக்குமா? நிக்காது. அதனாலதான் ஃபுளோரைடு ட்யூப்லயும் மொத ஒண்ணு ரெண்டு மணி நேரம் குளுக்கோஸ் கொஞ்சம் எறங்கத்தான் செய்யும், அப்பறம்தான் நிலையா நிக்கும். 10 ஸ்டெப்பையும் வரிசையா மனப்பாடம் பண்ணவன்கிட்ட இந்தக் கேள்வி கேட்டா முழிப்பான், யோசிச்சு படிச்சவ நிமிஷத்துல சொல்லிடுவா.

அப்ப நம்ம ஊர்த் தண்ணி குடிச்சா எனோலேஸ் அடைபடுமான்னு கேக்கத் தோணுதில்ல? தோணணும். ட்யூப்ல ஒரு மில்லி ரத்தத்துக்கு ரெண்டரை மில்லிகிராம் கணக்குல சோடியம் ஃபுளோரைடு இருக்கும். தண்ணில ஃபுளோரைடு ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற வழி இல்லன்னா 1.5 வரைக்கும்னு இந்திய தர நிர்ணயம் சொல்லுது. மோசமான கிணத்துலயே லிட்டருக்கு சில மில்லிகிராம்தான். ட்யூப் அளவு அதுக்கு நூத்துக்கணக்கான மடங்கு மேல. அதனால தண்ணி குடிச்சு கிளைக்காலிசிஸ் நிக்காது, ஆனா வருஷக்கணக்கா குடிச்சா எலும்புக்கு உறுதி குடுக்கற ஹைட்ராக்ஸி அபடைட்ங்கற கால்சியம் உப்புல ஹைட்ராக்சில் இருந்த எடத்துல ஃபுளோரைடு போய் உக்காரும், எலும்போட தன்மையே மாறும், பல்லு எனாமல் உருவாகற சின்ன வயசுல குடிச்சா கறை விழும். ஒரே அயனி, அளவும் நேரமும் மாறினா வேலையே மாறுது. பயோகெமிஸ்ட்ரின்னா இதுதாம்மா. இத நெனச்சா எனக்கு இன்னிக்கும் சந்தோஷமா இருக்கும், உங்க ஊர்க் கிணறும் லேப் ட்யூபும் ஒரே பாடத்துக்குள்ள வந்துடுது.

இப்ப அந்த அக்கா சொன்ன சைக்கிள் பயம். கிளைக்காலிசிஸ், டிசிஏ (சிட்ரிக் ஆசிட் சைக்கிள்), யூரியா சைக்கிள், பீட்டா ஆக்சிடேஷன்னு வரிசையா வரும், உண்மைதான். ஆனா இத்தன பாதை இருந்தாலும் உள்ள நடக்கற ரியாக்ஷன் வகை ரொம்ப கம்மி. பாஸ்பேட் ஏத்தறது, ஹைட்ரஜன் எடுக்கறது, தண்ணி சேக்கறது, கார்பன் டை ஆக்சைடு கழட்டறது, அமினோ குரூப்ப மாத்திக் குடுக்கறது, இந்த மாதிரி பத்துக்குள்ள அடங்கிடும், திரும்பத் திரும்ப அதுவேதான் வரும். டிசிஏல சக்சினேட்ல இருந்து ஆக்சலோஅசிடேட் வரைக்கும் பாரு: மொதல்ல எஃப்ஏடி ஹைட்ரஜன் எடுக்கும், அப்பறம் தண்ணி சேரும், அப்பறம் என்ஏடி ஹைட்ரஜன் எடுக்கும் (ரெண்டும் என்சைமுக்கு துணையா நின்னு ஹைட்ரஜன வாங்கிக்கற பொருள்). பீட்டா ஆக்சிடேஷன எடு, கொழுப்பு ஒடையற பாதை, அதுலயும் மொத மூணு ஸ்டெப் அதே வரிசை, எஃப்ஏடி, தண்ணி, என்ஏடி. இத ஒருதடவ கண்டுபுடிச்சுட்டா அடுத்த பாதைய பாக்கறப்பவே அடுத்த ஸ்டெப் என்னன்னு உன்னாலயே ஊகிக்க முடியும். என்சைம் பேரே பாதி விடைய சொல்லிடும், கைனேஸ்னா பாஸ்பேட் ஏத்தறது, டீஹைட்ரஜினேஸ்னா ஹைட்ரஜன் எடுக்கறது.

நான் படிச்ச விதம் இதுதான், புக்க மூடி வெச்சுட்டு வெள்ளத்தாள்ல பாதைய வரையறது. பேர் எழுதறதுக்கு முன்னாடி கார்பன் எண்ணிக்கைய மட்டும் எழுதுவேன், 6 ரெண்டு 3ஆ ஒடையுது, 3ல ஒண்ணு போயி 2 ஆகுது, 2ம் 4ம் சேந்து 6, அப்பறம் மறுபடியும் 5, 4. எலும்புக்கூடு வந்த பிறகு பேர், அப்பறம் ஏடிபி, அதாவது செல்லு எனர்ஜிக்கு செலவு பண்ற காசு, எங்க செலவு எங்க வரவு, கடைசியா ஒரு கேள்வி: இந்த ஸ்டெப் நின்னுபோனா ஆளுக்கு என்ன ஆகும்? அந்தக் கடைசிக் கேள்விதான் மூணாவது வருஷத்து கிளினிக்கல் பேப்பர பாதி முடிச்சுக் குடுத்துடும்.

கணக்குக்கு பயப்படறவங்க நெறைய பேர் இருக்காங்க, பயாலஜி எடுத்ததே கணக்குல இருந்து தப்பிக்கத்தான்னு. இங்க கணக்கு உண்டு, ஆனா பெருசில்ல. லாக் தெரியணும், மோல் தெரியணும். ரத்தத்துல பைகார்பனேட்டும் கார்பானிக் ஆசிடும் 20க்கு 1ங்கற விகிதத்துல இருக்கு, பிகே (அந்த ஆசிட் எவ்வளவு பிரியும்னு காட்டற எண்) 6.1, லாக் 20 கிட்டத்தட்ட 1.3, கூட்டினா 7.4, அதுதான் உன் ரத்தத்தோட பிஹெச். மோல் கணக்கு மட்டும் விட்டுடாத, மொத செமஸ்டர்லயே தண்ணி பட்ட பாடா ஆக்கிடு. ஆஸ்பத்திரில ஏத்தற 0.9 சதவீத சலைன் எத்தன மில்லிமோலார்னு பேப்பர்ல போட்டுப் பாரு, லிட்டருக்கு 9 கிராம், சோடியம் குளோரைடு 58.44, 154 வரணும். எம்எஸ்சி முடிச்சவங்களே வேலைக்கு வந்து ஒரு சொல்யூஷன் ப்ரிப்பேர் பண்ணச் சொன்னா கால்குலேட்டர வெச்சுகிட்டு நிக்கறத பாத்திருக்கேன், அவங்களுக்கு யாரும் கையப் புடிச்சு சொல்லித் தரல, அவ்வளவுதான்.

ப்ராக்டிக்கல் பத்தி கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். காலேஜ் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தா கட்டடத்த பாக்காத, லேப்ப பாரு. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் இருக்கா, சென்ட்ரிஃபியூஜ் ஓடுதா, ஒரு பேட்ச்ல எத்தன பேர், ஒவ்வொருத்தரும் தனித்தனியா டைட்ரேஷன் பண்றாங்களா இல்ல ஒருத்தர் பண்ண பத்து பேர் நோட்ல ஏத்தறாங்களா, இத அங்க படிக்கற சீனியர்ஸ்கிட்ட நேரா கேளு. மொத வருஷம் சர்க்கரைக்கு மோலிஷ், பெனடிக்ட், பார்ஃபோயட், செலிவனாஃப், அமினோ ஆசிடுக்கு நின்ஹைட்ரின், சகாகுச்சின்னு கலர் டெஸ்ட்டா வரும். எல்லாரும் கலர மட்டும் மனப்பாடம் பண்ணுவாங்க, நீ எந்த குரூப் அந்த கலர குடுக்குதுன்னு பாரு, சகாகுச்சி ஆர்ஜினின்ல இருக்கற குவானிடினோ குரூப்புக்கு, அது தெரிஞ்சா மறக்கவே மறக்காது.

எண்ணெய்க்கு சபானிஃபிகேஷன் நம்பர் (சோப்பாக்க எவ்வளவு காரம் வேணும்ங்கறது), அயோடின் நம்பர் (இரட்டைப் பிணைப்பு எவ்வளவு இருக்குங்கறது) போடறப்ப கடையில இருந்து வர்ற பாட்டில் எண்ணெயோட நிறுத்திக்காத, ஊட்டுல இருந்து செக்குல ஆட்டுன தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் எடுத்துட்டுப் போயி மேடம்கிட்ட கேட்டுப் போட்டுப் பாரு. தேங்காய் எண்ணெய்க்கு அயோடின் நம்பர் 10க்குள்ள இருக்கும், நல்லெண்ணெய்க்கு 100ஐத் தாண்டும், ஏன்னு யோசி. பாஸ்பரஸ் எஸ்டிமேஷன் வரும் பாரு, ஃபிஸ்க் சுப்பாராவ் மெத்தட், மாலிப்டேட் போட்டு நீலக் கலர் வர்றது, அந்த சுப்பாராவ் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச எல்லாப்பிரகடா சுப்பாராவ்தான். அந்த மெத்தட் 1925ல வந்தது, அதே ரெண்டு பேர்தான் 1929ல தசையில ஏடிபி இருக்கறதையும் சொன்னாங்க. ரெக்கார்ட் நோட்ல அந்தப் பேர எழுதறப்ப யார்னு தெரிஞ்சு எழுது. அப்பறம் ஒரு எச்சரிக்கை, கிட்னி வேலைய பாக்கற கிரியாட்டினின் டெஸ்ட்டுக்கு பிக்ரிக் ஆசிட் யூஸ் பண்ணுவாங்க, அது எப்பவும் தண்ணில ஈரமா இருக்கணும், காஞ்சுபோனா வெடிக்கற பொருள், பழைய பாட்டில் ஓரத்துல காஞ்சு கெடந்தா தொடாம போய் சொல்லு.

இங்கிலீஷ்: தமிழ் மீடியம்ங்கறது மொத ஆறு மாசம் கஷ்டமாத்தான் இருக்கும், அத மறைக்க மாட்டேன். ஆனா இந்தப் பாடத்துல வர்ற சொல்லுங்க இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவங்களுக்கும் புதுசுதான், க்ளுக்கோனியோஜெனிசிஸ்ங்கற சொல்ல எந்த கான்வென்ட்லயும் பேசிகிட்டு இருக்க மாட்டாங்க. தமிழ்ல புரிஞ்சுக்கோ, அதுக்கப்பறம் சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமா எழுதிப் பழகு, படம் வரைஞ்சு பேர் குறி. கைடு மட்டும் படிக்காத, லெனிஞ்சர்னு பயோகெமிஸ்ட்ரி பாடப் புக் லைப்ரரில இருக்கும், ஒரு சாப்டருக்கு நாலு பக்கம் படிச்சாலும் போதும், படங்களே பாதி பாடம் நடத்தும். என்பிடெல்ங்கற ஆன்லைன் பாட சைட்ல ஐஐடி வாத்தியாருங்க எடுத்த பயோகெமிஸ்ட்ரி கிளாஸ் இலவசமாவே இருக்கு.

இப்ப அப்பாவோட கேள்விக்கு வரேன், அது ரொம்ப நியாயமான கேள்வி, கோவப்படாத. அவர்கிட்ட மொதல்ல இத தெளிவா சொல்லிடு: பிஎஸ்சி பயோகெமிஸ்ட்ரி படிச்சா அரசு ஆஸ்பத்திரில லேப் டெக்னீஷியன் ஆயிடலாம்னு நெறைய பேர் நெனச்சுகிட்டு சேந்துடறாங்க, அந்த போஸ்ட்டுக்கு எம்எல்டி (மெடிக்கல் லேப் டெக்னாலஜி) படிப்புதான் கேப்பாங்க, இந்த டிகிரி மட்டும் வெச்சு முடியாது. உனக்கு சீக்கிரம் லேப் வேலைதான் வேணும், குடும்பச் சூழ்நிலை அப்பிடின்னா, டிஎம்எல்டியோ (அதோட டிப்ளமோ) பிஎஸ்சி எம்எல்டியோ பாரு, அது தப்பான வழி கெடையாது. டீச்சர் ஆகணும்னு ஆசை இருந்தாலும் பிஎட், டிஆர்பிக்கு (ஆசிரியர் தேர்வு வாரியம்) எந்த டிகிரிய எதுக்கு சமமா எடுத்துக்கறாங்கங்கற அரசாணைய பாத்துட்டு சேரு, இதுல மூணு வருஷம் கழிச்சு ஏமாந்தவங்க உண்டு.

ஆனா இந்த டிகிரி நேரடியா செல்லுபடியாகற ஒரு அரசு வேலை இருக்கு, பல பேருக்கு தெரியாது: உணவு பாதுகாப்பு அலுவலர். அதுக்கான கல்வித் தகுதில பயோகெமிஸ்ட்ரி டிகிரின்னு பேர் போட்டே இருக்கு, சாதா கெமிஸ்ட்ரின்னா மாஸ்டர் டிகிரி கேக்கறாங்க, பயோகெமிஸ்ட்ரிக்கு டிகிரி போதும். எம்எஸ்சி முடிச்சு லேப் அனுபவமும் இருந்தா ஃபுட் அனலிஸ்ட் பரீட்சை எழுதலாம். நம்ம பக்கம் இது வெறும் பேப்பர்ல இருக்கற விஷயம் இல்ல, கிருஷ்ணகிரி முழுக்க மாம்பழக் கூழ் ஃபேக்டரி. பெங்களூரா மாங்கா உள்ள போயி கூழா டின்ல வர்ற வரைக்கும் பிரிக்ஸ், அதாவது சக்கரை அளவு, பாக்கணும், ஆசிடிட்டி டைட்ரேட் பண்ணணும், பிஹெச் 4.6க்கு கீழ இருக்கான்னு பாக்கணும், ஏன்னா அதுக்கு மேல போனா பொட்டுலிசம்ங்கற கொடிய உணவு விஷத்த உண்டாக்கற கிருமி டின்னுக்குள்ள வளர வழி உண்டு. கார்பைடு போட்டு பழுக்க வெக்கறது தடை, எத்திலீன் வாயு அளவோட அனுமதி, ரெண்டும் பழத்துக்குள்ள என்ன பண்ணுதுங்கறது உன் சிலபஸ். சீசன்ல லீவு கெடைச்சா அந்த மாதிரி ஒரு ஃபேக்டரி குவாலிட்டி கன்ட்ரோல் லேப்ல ரெண்டு வாரம் நின்னு பாக்க முடியுமான்னு ஹெச்ஓடி லெட்டரோட போய் கேளு, வெக்கப்படாத. பாலக்கோட்டுல சக்கரை ஆலையே இருக்கு, அதுக்கும் லேப் உண்டு.

ப்ராஜெக்ட்டுக்கும் ஊர விட்டு வெளிய தேடவேண்டாம். கேழ்வரகு எடு. 100 கிராம்ல 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியம், ஆனா அதுல இருக்கற பைட்டேட் அந்த கால்சியத்த புடிச்சு வெச்சுக்கும், மொளகட்டினா பைட்டேஸ் என்சைம் வேலை செஞ்சு விடுவிக்கும். பாட்டி மொளகட்டி கஞ்சி காய்ச்சறதுல எத்தன மணி நேரத்துக்கு பைட்டேட் எவ்வளவு குறையுதுன்னு அளந்தா அதுவே அருமையான மூணாவது வருஷ ப்ராஜெக்ட், செலவும் கம்மி.

அடுத்த படின்னு சொன்னேனே, அது எம்எஸ்சி. இங்க நம்ம ஊருக்கு ஒரு வசதி இருக்கு, ஓசூர் தாண்டினா பெங்களூர். ஓசூர் ரோட்டுலயே எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா பக்கம் பயோடெக் கம்பெனிங்க இருக்கு, பயோகான் அங்கதான். பெங்களூர் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் சயின்ஸ்ல பயோகெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட் 1921ல இருந்து இருக்கு, பிஎஸ்சி முடிச்சவங்கள நேரா இன்டகிரேட்டட் பிஹெச்டிக்கு எடுக்கறாங்க, ஸ்டைபண்டும் உண்டு, அதுக்கு ஜாம்னு ஒரு நுழைவுப் பரீட்சை. ஜாம்ல பயோகெமிஸ்ட்ரின்னு தனி பேப்பர் கெடையாது, பயோடெக்னாலஜி பேப்பர் எழுதணும், அதுல கொஞ்சம் மேத்ஸ், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரியும் வரும், அதனால பன்னெண்டாவது புக்க பழைய பேப்பர்காரருக்கு போட்டுடாத. புதுச்சேரி பல்கலைக்கழகம் மாதிரி சென்ட்ரல் யுனிவர்சிட்டிக்கு சியூஇடி பிஜின்னு நுழைவுப் பரீட்சை. எம்எஸ்சிக்கு அப்பறம் ஆராய்ச்சின்னா சிஎஸ்ஐஆர் நெட் பரீட்சைல லைஃப் சயின்சஸ், கேட் பரீட்சைல எக்ஸ்எல் (லைஃப் சயின்சஸ்) பேப்பர். இதெல்லாம் மூணாவது வருஷம் கடைசில யோசிக்கற விஷயம் இல்ல, ரெண்டாவது வருஷ லீவுல பழைய கேள்வித்தாள எறக்கி ஒரு தடவ பாத்துட்டாலே நீ கிளாஸ்ல உக்கார்ற விதமே மாறும்.

ஒரு வேளை மூணு வருஷத்தோட நிறுத்தற நிலைமை வந்தா? டிஎன்பிஎஸ்சி குரூப் பரீட்சைக்கு எந்த டிகிரியும் போதும், பார்மா கம்பெனி குவாலிட்டி கன்ட்ரோல், மெடிக்கல் கோடிங், டயக்னாஸ்டிக் கம்பெனில அப்ளிகேஷன் வேலைன்னு இருக்கு. ஆரம்ப சம்பளம் கம்மியாத்தான் இருக்கும், அத அப்பாகிட்ட மறைக்காம சொல்லு.

நீட் பத்தி ஒண்ணு மட்டும். டாக்டர் ஆக முடியலன்னு இதுக்கு வர்றவங்க, மொத வருஷம் முழுக்க மனசு அங்கயே இருந்தா, ரெண்டுமே போயிடும். இன்னொரு தடவ எழுதணும்னா எழுது, ஆனா அதுக்குன்னு ஒரு வருஷம் ஒதுக்கிட்டு எழுது. இங்க சேந்துட்டா இங்க இரு.

அப்பாகிட்ட பணம் பத்தியும் பேசிடு. கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல ஃபீஸ் ரொம்ப கம்மி, எந்தெந்த காலேஜ்ல பயோகெமிஸ்ட்ரி இருக்குன்னு அரசு கலைக் கல்லூரி ஆன்லைன் அட்மிஷன் சைட்லயே காட்டும், தர்மபுரி, கிருஷ்ணகிரியோட நிறுத்தாம சேலத்தையும் சேத்துப் பாரு. நீ ஆறாவதுல இருந்து கவர்மெண்ட் ஸ்கூல்தான் படிச்சிருக்கன்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் டிகிரி முடியற வரைக்கும் உன் அக்கவுண்ட்டுக்கே வரும், காலேஜ் மூலமாத்தான் அப்ளை பண்ணணும். ஆதார் லிங்க் ஆன பேங்க் அக்கவுண்ட் உன் பேர்ல இல்லன்னா இந்த வாரமே ஓபன் பண்ணிடு, ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிச்சதுக்கான சான்றும் ஸ்கூல்ல ஹெச்எம்கிட்ட இப்பவே வாங்கி வெச்சுக்கோ, அட்மிஷன் நேரத்துல கூட்டமா இருக்கும்.